மினாரா எத்தனை அடி?
பழைய புகைப்படத்திலிருந்து அளவெடுத்த ஓர் அனுபவம்

எங்கள் ஊரின் கடற்கரையோரமாக ஒரு பள்ளிவாசல் இருந்தது. முன்பக்கம் ஐந்து வளைவுகள் கொண்ட விறாந்தை, அதன் இரண்டு மூலைகளிலும் இரண்டு மினாராக்கள், நடு வளைவுக்கு மேலே ஒரு வட்டச் சாளரம். 2004 டிசம்பர் 26ஆம் திகதி காலையில் கடல் ஏறி இறங்கிய பிறகு அது இல்லை. கிழக்குக் கரையில் 200 மீற்றர் தடை வலயம் பேசப்பட்ட காலம் அது. புதிய பள்ளி ஊருக்குள்ளே தள்ளிக் கட்டப்பட்டது. பழைய இடம் மணலாகவே கிடந்தது.

சில வருடங்களுக்கு முன்பு ஊர் இளைஞர்கள் சிலர் என்னைத் தேடி வந்தார்கள். புதிய பள்ளியின் வாசலில் பழைய பள்ளியின் மாதிரி ஒன்றைச் செய்து வைக்க வேண்டும், அதற்கு அளவோடு ஒரு வரைபடம் தேவை என்றார்கள். நான் படவரைஞனாக வேலை செய்து ஓய்வு பெற்றவன். கட்டடத்தின் மூல வரைபடம் எங்கே என்று கேட்டேன். பள்ளிக் கோவைகள் எல்லாம் அலுமாரியோடு கடலுக்குப் போய்விட்டன. மிஞ்சியது மூன்று புகைப்படங்கள்தான். அவற்றில் தெளிவானது எழுபதுகளின் தொடக்கத்தில் எடுத்த ஒரு நிக்காஹ் படம். வேறு ஊரில் வாழ்க்கைப்பட்டுப் போன எங்கள் மாமி ஒருவரின் பெட்டிக்குள் இருந்ததால் அது தப்பியிருந்தது. பள்ளி முற்றத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் வரிசையாக நிற்கிறார்கள். நடுவில் என் மூத்தாப்பா.

மினாராவின் உயரத்தை ஊரில் விசாரித்தேன். முன்னர் அங்கே மோதினாராக இருந்த காக்கா ஒருவர் சந்தேகமே இல்லாமல் சொன்னார்: "நாப்பதடிக்குக் குறையாது மகன். கடலுக்குப் போறவனுகள் அதப் பாத்துத்தான் கரை புடிப்பானுகள்." மற்றவர்களும் தலையாட்டினார்கள். அந்தப் படத்தை வைத்துக்கொண்டு நான் கணக்குப் போட ஆரம்பித்தேன். எங்கே பிழைத்தேன், எப்படித் திருத்தினேன் என்பதை எழுதி வைத்தால் வேறு ஊர்க்காரர்களுக்கும் உதவும் என்பதால் இதை எழுதுகிறேன்.

ஒளியின் கணக்கு

புகைப்படத்திலிருந்து அளவெடுப்பதன் அடிப்படை, சாதாரண தரத்தில் நாம் படித்த இயல்பொத்த முக்கோணிகள்தான். ஒரு பொருளின் உச்சியிலிருந்தும் அடியிலிருந்தும் வரும் ஒளிக்கதிர்கள் நேர்கோட்டில் வந்து, கமராவின் வில்லையில் ஒன்றையொன்று வெட்டி, உள்ளே தலைகீழான சிறிய உருவமாக விழுகின்றன. வெளியே ஒரு பெரிய முக்கோணி, உள்ளே ஒரு சிறிய முக்கோணி. ஆகவே உருவத்தின் உயரத்துக்கும் பொருளின் உயரத்துக்கும் உள்ள விகிதம், வில்லையிலிருந்து பிலிமுக்கு உள்ள தூரத்துக்கும் வில்லையிலிருந்து பொருளுக்கு உள்ள தூரத்துக்கும் உள்ள விகிதமே.

ஒளி நேர்கோட்டில் செல்கிறது என்பதைச் சிறு துவாரங்களும் இருட்டறையும் கொண்டு பரிசோதித்துக் காட்டியவர்களில் முதன்மையானவர் பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம். பதினோராம் நூற்றாண்டில் அவர் எழுதிய 'கிதாபுல் மனாழிர்' ஏழு பாகங்களைக் கொண்டது. சூரிய கிரகணத்தின்போது சிறு துவாரத்தின் வழியே விழும் பிறை வடிவ ஒளியைப் பற்றித் தனியாகவும் ஒரு நூல் எழுதினார். கமரா என்ற கருவி பல நூற்றாண்டுகள் கழித்துத்தான் வந்தது. அதற்குள் நடக்கும் கணக்கை அவருடைய எழுத்திலேயே காணலாம்.

இந்த விகிதத்திலிருந்து ஒரு விஷயம் விளங்கும். படத்தில் தெரியும் அளவு பொருளின் பருமனை மட்டும் பொறுத்ததல்ல, அது நிற்கும் தூரத்தையும் பொறுத்தது. கிட்ட நிற்கும் சின்னதும் எட்ட நிற்கும் பெரியதும் படத்தில் ஒரே அளவாக விழலாம். இதை அறிந்திருந்தும் நான் தவறினேன்.

முதல் பிழை

படத்தை நல்ல ஸ்கேனரில் போட்டுக் கணினியில் பெரிதாக்கினேன். கணினிப் படம் சிறு சிறு புள்ளிகளால் ஆனது. அந்தப் புள்ளிகளை எண்ணினால் அதுவே அளவுகோல். மூத்தாப்பாவின் உயரம் 5 அடி 6 அங்குலம் என்று வாப்பா சொல்லக் கேட்டிருக்கிறேன். அது 66 அங்குலம். படத்தில் அவர் உச்சந்தலையிலிருந்து கால்வரை 660 புள்ளிகள். அங்குலத்துக்குப் பத்துப் புள்ளி, கணக்குப் போட எவ்வளவு வசதி! மினாரா அடியிலிருந்து உச்சிவரை 2,400 புள்ளிகள். அப்படியென்றால் 240 அங்குலம், சரியாக 20 அடி.

நாற்பது எங்கே, இருபது எங்கே! ஊர்க்காரர்களின் நினைவு இவ்வளவு பிழைக்குமா என்று யோசித்தபடி பள்ளியின் நடு வாசலையும் அதே கணக்கில் அளந்தேன். 4 அடி 8 அங்குலம் வந்தது. அந்த வாசலால் மூத்தாப்பா குனிந்துதான் போயிருக்க வேண்டும். அப்போதுதான் பிழை பிடிபட்டது.

மூத்தாப்பா சுவரோடு ஒட்டி நிற்கவில்லை. சுவருக்கு முன்னே, முற்றத்தில் நிற்கிறார். கமரா சுவரிலிருந்து 40 அடி தூரத்தில், அவர் சுவருக்கு 8 அடி முன்னே என்று வைத்துக்கொள்வோம். அவருக்கும் கமராவுக்கும் இடையே 32 அடிதான். நாற்பதை முப்பத்திரண்டால் பிரித்தால் ஒன்றேகால். அதாவது அவருக்குப் பின்னாலுள்ள சுவரில் அவரை ஒட்ட வைத்திருந்தால் தெரிந்திருக்கும் அளவைவிட, படத்தில் அவர் ஒன்றேகால் மடங்கு பெரிதாகத் தெரிகிறார். அவரை அளவுகோலாக வைத்தால் சுவரிலுள்ள எல்லாமே ஐந்தில் ஒரு பங்கு சுருங்கிவிடும்.

இதுதான் இந்தக் கலையின் முதல் சட்டம்: அளவுகோலும் அளக்கப்படும் பொருளும் கமராவிலிருந்து ஒரே தூரத்தில், ஒரே தளத்தில் இருக்க வேண்டும். பழைய குடும்பப் படங்களை வைத்து வீட்டையோ கடையையோ மதிப்பிடுகிறவர்கள் எல்லாரும் முன்னே நிற்கும் ஆளைத்தான் முதலில் பிடிப்பார்கள். கட்டடம் எப்போதும் சின்னதாகவே வரும்.

சைக்கிள் சில்லு

படத்தின் இடது ஓரத்தில், இரண்டாவது தூணில் ஒரு சைக்கிள் சாத்தி வைக்கப்பட்டிருந்தது. யாருடையது என்று யாருக்கும் தெரியாது. எனக்கு அது அல்லாஹ் தந்த அளவுகோல். அந்தக் காலத்து ஆண்கள் சைக்கிளின் டயர் 28க்கு 1½ என்ற அளவு. சைக்கிள் திருத்தும் கடையொன்றில் அப்படியொரு பழைய சைக்கிளை அளந்து பார்த்தேன். டயரோடு சேர்த்து 28 அங்குலம்தான்.

ஆனால் சைக்கிள் கமராவுக்கு நேராக நிற்கவில்லை, சற்றுத் திரும்பி நின்றது. சில்லு வட்டமாகத் தெரியாமல் நீள்வட்டமாகத் தெரிந்தது. இதில் பயப்பட ஒன்றுமில்லை. ஒரு வட்டத்தை எந்தப் பக்கம் திருப்பினாலும் அதன் அகலம் ஒரு திசையில் மட்டுமே ஒடுங்கும். அதற்குக் குறுக்கான திசையில் முழு விட்டமும் அப்படியே இருக்கும். நீள்வட்டத்தின் நீளமான அச்சை அளந்தால் போதும். கையில் ஒரு தட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தால் இது புரியும். சில்லு, தட்டு, மணிக்கூட்டு முகம், நாணயம் போன்ற வட்டமான பொருள்கள் பழைய படத்தில் கிடைத்தால் விட்டுவிடக் கூடாது.

நீளமான அச்சு 224 புள்ளிகள். அங்குலத்துக்கு எட்டுப் புள்ளி. சைக்கிள் சுவருக்கு ஓரடி முன்னே நின்றிருக்கும். 40க்கு 39 என்ற விகிதத்தில் அதையும் கழித்தால் சுவரில் அங்குலத்துக்கு 7.8 புள்ளி. இந்தக் கணக்கில் நடு வாசல் ஆறடி வந்தது. மினாராவின் முன்முகமும் விறாந்தைத் தூண்களும் ஒரே தளத்தில் இருந்தவை. ஆகவே மினாராவையும் இதே கோலால் அளக்கலாம். ஏறக்குறைய 25½ அடி வந்தது.

அண்ணாந்து பார்த்த கமரா

இன்னும் ஒரு திருத்தம் மிச்சமிருந்தது. படத்தைக் கூர்ந்து பார்த்தால் இரண்டு மினாராக்களும் மேலே போகப் போக ஒன்றையொன்று நோக்கிச் சாய்வது தெரிந்தது. கொத்தனார் கோணலாகக் கட்டவில்லை. மினாராவின் உச்சி படத்துக்குள் விழ வேண்டுமென்று படம் பிடித்தவர் கமராவைச் சற்று மேல்நோக்கிச் சரித்திருக்கிறார். அப்படிச் சரித்தால் மேற்பகுதி கமராவுக்கு இன்னும் தூரமாகிச் சுருங்கிவிடும். அடியில் இருக்கும் சில்லின் அளவை வைத்து உச்சியை அளந்தால் உயரம் குறைவாக வரும்.

நிமிர்ந்து நின்ற தூண்கள் படத்திலும் சமாந்தரமாக வரும்வரை படத்தை இழுத்துச் சரிசெய்யக் கணினியில் வழி இருக்கிறது. இங்கேயும் ஒரு பொறி உண்டு. தூண்களை நிமிர்த்திவிட்டதாலேயே உயரத்துக்கும் அகலத்துக்கும் உள்ள விகிதம் சரியாகிவிடாது. படத்தை ரப்பர்போல மேலும் கீழும் இழுக்கலாம், தூண்கள் அப்போதும் நிமிர்ந்தே நிற்கும். எங்கே நிறுத்துவது?

வட்டச் சாளரம்தான் பதில் சொன்னது. அது சுவரிலேயே பதிந்த முழு வட்டம் என்று மோதினார் காக்கா உறுதியாகச் சொன்னார். சின்ன வயதில் அதற்குள் புறா முட்டையிட்டதையும் சொன்னார். படத்தை இழுத்து, சாளரத்தின் உயரமும் அகலமும் ஒன்றான இடத்தில் நிறுத்தினேன். வளைவுகளும் அரைவட்டமாக வந்து நின்றன. மீண்டும் மினாராவை அளந்தேன். 27½ அடி.

அந்தக் காலத்து ஸ்டூடியோக்காரர்கள் பலர் யஷிக்கா போன்ற இரட்டை வில்லைக் கமராக்களை வயிற்றோடு அணைத்து, மேலிருந்து குனிந்து பார்த்துப் படம் எடுத்தார்கள். அவற்றின் நெகட்டிவ் சதுரமானது. கையிலிருக்கும் நீள்சதுரப் படம் அதிலிருந்து வெட்டி எடுக்கப்பட்டது. படத்தின் நடு, வில்லையின் நடுவாக இருக்க வேண்டியதில்லை. திருத்தக் கணக்குகளில் பல அந்த நடுப்புள்ளியை நம்பியவை. நெகட்டிவ் கிடைத்தால் அதற்கு ஈடு வேறெதுவும் இல்லை என்பதன் காரணங்களில் இதுவும் ஒன்று.

மணலுக்குள் இருந்த சாட்சி

27½ என்றதும் மோதினார் காக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "கடல் உடைச்சது போதாதெண்டு நீ கணக்குப் போட்டுக் கட்டையாக்கிப் போட்டாய் மகன்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் மற்றவர்கள் சிரிக்கவில்லை. எனக்கும் உள்ளே ஒரு கூச்சம். இல்லாமல் போன ஒன்றை அளக்கிறவன் பிழைவிட்டால், அந்தப் பிழைதான் இனி உண்மையாக நிற்கும். மாதிரியைப் பார்த்து வளரும் பிள்ளைகள் அதைத்தான் நம்புவார்கள்.

ஆகவே என் கணக்கைச் சோதிக்க ஒரு வழி தேடினேன். படத்தில் தூணுக்குத் தூண், நடுவிலிருந்து நடுவுக்கு 585 புள்ளிகள். 7.8 ஆல் பிரித்தால் 75 அங்குலம், அதாவது 6 அடி 3 அங்குலம். இதை ஒரு தாளில் எழுதி இளைஞர்களிடம் கொடுத்துவிட்டு, தூண்களின் அத்திவாரம் மணலுக்குள் எங்காவது இருக்குமா என்று கேட்டேன். யாருக்கும் இடம் பிடிபடவில்லை. மோதினார் காக்காதான் முன்னே நடந்தார். பழைய கிணற்றுக்கட்டு எஞ்சியிருந்த இடத்தில் நின்று, பாங்கு சொல்லப் போகும் நடையை மனதுக்குள் நடந்து பார்த்ததுபோல் கொஞ்ச நேரம் கண்ணை மூடினார். பிறகு காலால் ஒரு கோடு கிழித்து, "இதில தோண்டு" என்றார்.

இரண்டடி ஆழத்தில் முதல் அத்திவாரம் தட்டுப்பட்டது. மாலைக்குள் ஆறு தூண்களில் நான்கின் அடி வெளியே வந்தது. இரண்டு ஓரத் தூண்களும் அதில் அடக்கம். பக்கத்துப் பக்கத்துத் தூண்களுக்கிடையே நாடாவைப் பிடித்தோம். 6 அடி 4½ அங்குலம். என் கணக்கில் ஒன்றரை அங்குலம் பிசகு, நூற்றுக்கு இரண்டு.

இந்த இரண்டு வீதம் எங்கிருந்து வந்தது? சில்லின் ஓரம் படத்தில் கத்தியால் வெட்டியதுபோல் தெளிவாக இல்லை. இரண்டு பக்கமும் இரண்டிரண்டு புள்ளி மங்கல். 224இல் நான்கு புள்ளி என்றாலே நூற்றுக்கு இரண்டு வந்துவிடுகிறது. சிறிய கோலால் பெரிய பொருளை அளந்தால், கோலில் உள்ள பிழையும் அத்தனை மடங்காகப் பெருகும். இப்போது மணலுக்குள்ளிருந்து பெரிய கோல் ஒன்று கிடைத்துவிட்டது. ஓரத் தூணிலிருந்து ஓரத் தூணுக்கு 31 அடி 10 அங்குலம், சில்லைப்போல் பதின்மூன்று மடங்குக்கும் மேல். அதை வைத்து முழுக் கணக்கையும் திரும்பப் போட்டேன். மினாரா 28 அடி, அரையடி முன்பின். அந்த 'அரையடி முன்பின்' என்ற சொல்லை வரைபடத்தின் கீழே எழுதியே கொடுத்தேன். பிழையின் அளவைச் சொல்லாத அளவு, பாதி அளவு.

காக்காவின் நாற்பதடி என்னவாயிற்று? கடலுக்குப் போனவர்கள் மினாராவைப் பார்த்துக் கரை பிடித்தார்கள் என்பதும் பொய்யல்ல. 28 அடி உயரத்திலிருந்து கடலின் விளிம்பு ஏறக்குறைய ஆறரை மைல் தூரம். 40 அடியிலிருந்து ஏழே முக்கால் மைல். பார்வைத் தூரத்தில் வித்தியாசம் ஒரு மைல் சொச்சம்தான். கிடுகு வேய்ந்த வீடுகளுக்கு நடுவே, வெள்ளையடித்த மினாராவை ஒரு சிறுவன் அண்ணாந்து பார்த்த உயரம் அந்த நாற்பது. எத்தனை அடி என்பதில் நினைவு பிழைத்தது. எந்த இடம், எந்த வடிவம் என்பதில் அது கொஞ்சமும் பிழைக்கவில்லை. வட்டச் சாளரம் இல்லாமல் என் படம் நிமிர்ந்திருக்காது. அவர் கிழித்த கோடு இல்லாமல் என் கணக்கு நிரூபணமாகியிருக்காது.

பெரிய இடங்களில் நடந்தவை

இது புதிய வித்தை அல்ல. 1858இல் ஜெர்மனியின் வெட்ஸ்லார் நகரத் தேவாலயத்தை அளக்கப் போன அல்பிரெக்ட் மெய்டன்பவர் என்ற இளம் கட்டடக்கலைஞர், உயரத்திலிருந்து விழப் பார்த்துத் தப்பினார். ஏறி அளப்பதற்குப் பதிலாகப் படமெடுத்து அளந்தால் என்ன என்ற யோசனை அவருக்கு அப்போதுதான் வந்தது. 1885இல் பெர்லினில் இதற்கென்றே ஒரு அரச நிறுவனம் அவர் முயற்சியால் உருவானது. ஆயிரக்கணக்கான கண்ணாடித் தகடுகளில் கட்டடங்கள் பதிவாயின. இரண்டாம் உலகப் போரில் இடிந்தவற்றைத் திருத்தியபோது அந்தத் தகடுகள் பயன்பட்டன.

ஆப்கானிஸ்தானின் பாமியானில் 2001 மார்ச்சில் தகர்க்கப்பட்ட பெரிய புத்தர் சிலை ஐம்பது மீற்றருக்கும் உயரமானது. அது உடைக்கப்பட்ட பிறகு சூரிச் நகரத் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதன் முப்பரிமாண வடிவத்தைப் படங்களிலிருந்து கணித்தெடுத்தார்கள். சுற்றுலாப் பயணிகளின் படங்களும் இணையத்தில் கிடந்த படங்களும் அவர்களுக்குக் கிடைத்தன. ஆனால் நுணுக்கமான விடை வந்தது, 1970இல் ஒஸ்திரியப் பேராசிரியர் ஒருவர் அளவெடுக்கவென்றே தயாரித்த கமராவால் பிடித்து வைத்திருந்த படங்களிலிருந்துதான். முப்பது வருடம் கழித்து அவை எதற்கு உதவப் போகின்றன என்று படம் பிடித்த அன்று அவருக்குத் தெரிந்திருக்க முடியாது.

இன்றே செய்யக் கூடியது

நம் ஊர்களில் இன்னும் எத்தனையோ பழைய பள்ளிகள், ஸியாரங்கள், மத்ரஸாக்கள், நாற்சார் வீடுகள் நிற்கின்றன. பல கடலால் போகப் போவதில்லை. இடம் போதவில்லை என்று நாமே இடிக்கப் போகிறோம். இடிப்பது நிர்வாகங்களின் முடிவு, அதில் நான் தலையிடவில்லை. இடிக்க முன்னர் ஒரு காலைப் பொழுதை மட்டும் கேட்கிறேன்.

ஐந்தடி நீளமான நேர்த்தடி ஒன்றை எடுத்து, அடிக்கொரு தடவை கறுப்பும் வெள்ளையும் பூசுங்கள். அதைச் சுவரோடு ஒட்டி நிமிர்த்தி ஒரு படம், படுக்க வைத்து ஒரு படம் எடுங்கள். தடி சுவரைத் தொட வேண்டும். ஒருவர் கையில் பிடித்துக்கொண்டு முற்றத்தில் நின்றால் என் மூத்தாப்பாவின் கதைதான் நடக்கும். கைத்தொலைபேசியின் அகலக் கோணத்தைத் தவிருங்கள், அது ஓரங்களை வளைத்துவிடும். இயன்றவரை தூரமாகப் போய், சுவருக்கு நேர் எதிரே நின்று, கமராவைச் சரிக்காமல் எடுங்கள். நான்கு பக்கமும் உள்ளேயும் எடுங்கள். மிஹ்ராபையும் மிம்பரையும் ஹவுழையும் மறக்க வேண்டாம். நாடாவால் முன்சுவரின் முழு நீளத்தையும் ஒரு வாசலின் உயரத்தையும் அளந்து திகதியோடு எழுதி வையுங்கள். கணக்கைப் பிறகு யாரும் போட்டுக்கொள்ளலாம்.

வீட்டிலுள்ள பழைய படங்களையும் பாருங்கள். நெகட்டிவ் இருந்தால் எறிய வேண்டாம். படத்தைக் கைத்தொலைபேசியால் படமெடுத்து அனுப்பாமல் ஸ்கேனரில் போடுங்கள். கையால் எடுத்தால் பழைய சரிவோடு புதிய சரிவு ஒன்றும் சேர்ந்துவிடும். ஆட்களை மட்டும் பார்க்காமல் ஓரங்களையும் பாருங்கள். ஒரு சைக்கிளோ, மணிக்கூடோ நிற்கும்.

மாதிரி இப்போது புதிய பள்ளியின் வாசலில் இருக்கிறது. ஓரடிக்கு அரை அங்குலம் என்ற கணக்கில் செய்தது. மினாரா 14 அங்குலம். மோதினார் காக்கா முதல் நாள் வந்து குனிந்து, வட்டச் சாளரத்துக்குள் விரலை விட்டுப் பார்த்தார். உயரத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "சைக்கிள எங்க மகன்?" என்று மட்டும் கேட்டார்.